கடுக்காய் மரத்தை மறந்த பாவாயி

எங்கள் ஊரில் பாவாயியைப் பார்த்து, நன்றாகத் தூங்கினீர்களா என்று யாரும் கேட்பதில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒரு புது மருமகள் தெரியாமல் ஒரு நாள் காலையில் கேட்டுவிட்டாள். பாவாயி தலையிலிருந்த குடத்தை இறக்கிக் கீழே வைத்தாள்.

"யாரு உன்னைக் கேக்கச் சொன்னது? மாணிக்கமா?"

அந்தப் பெண்ணுக்கு மாணிக்கம் யார் என்றே அப்போது தெரியாது.

மாணிக்கம் பாவாயியின் கொழுந்தன். இறந்துபோன அவள் கணவர் குப்புசாமியின் தம்பி. மலைமேல் எடப்புளி நாட்டில், சரிவு முழுக்கச் சிதறிக் கிடக்கும் எங்கள் ஊரில், அண்ணன் நிலம் மேலேயும் தம்பி நிலம் கீழேயும் இருக்கின்றன. மேலே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. கீழே குச்சிக் கிழங்கு என்கிற மரவள்ளி. இரண்டுக்கும் நடுவே ஒரு ஊற்று. சித்திரை மாதத்தில் மற்ற ஊற்றுகள் சேறாகிவிடும்போதும் இதில் தண்ணீர் நிற்கும். இந்தக் கதை முழுவதும் அந்த ஊற்றைப் பற்றியதுதான். தூக்கத்தைப் பற்றியும்தான். இரண்டும் எப்படி ஒன்றாயின என்று புரிய வேண்டுமானால் எங்கள் ஊரில் எல்லை சொல்வதைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் நிலங்களுக்குப் பட்டா கூட்டாகத்தான் இருக்கும். உள்ளே யாருக்கு எதுவரை என்பதைத் தாள் சொல்லாது. வாய்தான் சொல்லும். ஒருவர் இறந்தாலோ, பாகம் பிரித்தாலோ, அந்த நிலத்துக்கு உரியவர் ஊர்க்கவுண்டர் முன்னால் செருப்பில்லாமல் எல்லையைச் சுற்றி நடக்க வேண்டும். ஒவ்வொரு அடையாளத்தையும் கையால் தொட்டு, பெயர் சொல்லி, அடுத்தது எது என்றும் சொல்ல வேண்டும். பாறை, புற்று, மரம் என்று வரிசை தப்பக் கூடாது. யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அந்த வரிசை அந்தந்த வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும். சொல்லி முடித்ததும் ஊர்க்கவுண்டர் கையிலிருக்கும் கோலால் தரையில் ஒரு தட்டுத் தட்டி, "சொன்னது நின்னுது" என்பார். சொல்ல முடியாமல் போனால் நெருங்கிய பங்காளி அவர் இடத்தில் சொல்லலாம். கோல் தட்டிவிட்டால், அடுத்த பாகப் பிரிவினை வரும்வரை எல்லையை மாற்ற முடியாது.

குப்புசாமி தொண்ணூற்றேழு ஐப்பசி மழையில் பலா மரத்திலிருந்து விழுந்து இறந்தார். அவருக்கு மகன் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரே மகள் கோகிலவாணிதான். அதனால் அடுத்த தை மாதம் பாவாயியே எல்லை சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்கு அது தெரியாத விஷயமில்லை. கணவருடன் எத்தனையோ தடவை நடந்த எல்லை. ஆனால் அதற்குள் அவளைப் பிடித்திருந்த நோய் யாருக்கும் தெரியாது.

அவள் குறட்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். எங்கள் ஊரில் அதை யாரும் நோய் என்று நினைத்ததில்லை. படுத்த உடனே குறட்டை விடுகிறவளைப் பார்த்து, கவலையில்லாத மவராசி என்று பொறாமைதான் படுவார்கள். அந்த மவராசி காலையில் தலைவலியோடு எழுவாள். வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அவரைக்காய் உரித்துக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்துவிடும். மாட்டின் மடியில் கை வைத்தபடியே தூங்கியிருக்கிறாள். உப்புப் போட்டோமா என்று மறந்து இரண்டாவது தடவை போடுவாள்.

குப்புசாமி இருந்தவரை இது இவ்வளவு முற்றவில்லை. அவள் குறட்டை சத்தம் திடீரென்று நின்றுபோனால் அவருக்கு விழிப்பு வந்துவிடும். முழங்கையால் இடித்து அவளை ஒருக்களிக்க வைப்பார். ஏன் இடிக்கிறோம் என்று அவருக்கும் தெரியாது. அவர் போன பிறகு அவளை இடிக்க யாரும் இல்லை.

எல்லை சொல்லும் நாளில் ஊர் முழுக்க வந்திருந்தது. ஊர்க்கவுண்டர் அப்பாசாமி கோலோடு முன்னால் நின்றார். பாவாயி தொட்டிப்பாறையைத் தொட்டுச் சொன்னாள். புற்றைச் சொன்னாள். ரெட்டைப் பலாவைத் தொட்டாள். அங்கே நின்றுவிட்டாள்.

ரெட்டைப் பலாவிலிருந்து அடுத்தது ஒரு மரம். அது தெரிந்தது. எதிரே சரிவில் பத்து வகை மரங்கள் நின்றன. அதில் எது என்று வாய்க்கு வரவில்லை. யோசிக்க யோசிக்கக் கண் எரிந்தது. கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்கிறேன் என்று பலா வேரில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் தூங்கிவிட்டாள். மெல்லத் தொடங்கிய குறட்டை கொஞ்ச நேரத்தில் சரிவு முழுக்கக் கேட்டது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு பெரியவர்களும் சிரித்தார்கள். கோகிலவாணி ஓடி வந்து அம்மாவை எழுப்பப் பார்த்தாள். எல்லை சொல்கிறவரைத் தொடக் கூடாது என்று பிடித்து நிறுத்திவிட்டார்கள்.

அப்போது மாணிக்கம் முன்னால் வந்தான்.

"எங்கண்ணிக்குத் தூக்கந்தானுங்க சொத்து. அதை அளந்து அவிய பேருக்கு எழுதி உட்ருங்க. நெலத்தை நான் சொல்றேன்."

அதற்கு விழுந்த சிரிப்பில் அவன் நடந்தான். ரெட்டைப் பலாவிலிருந்து நேராகக் கீழ்ப்பக்கம் போகாமல் மேற்பக்கம் திரும்பி, நாவல் மரத்தைத் தொட்டு, "இங்கிருந்து நாவ மரமுங்க" என்றான். அந்த ஒரு மரத்தில் ஊற்று அவன் பக்கம் போய்விட்டது. கோல் தரையில் தட்டும் சத்தத்தில்தான் பாவாயி கண் விழித்தாள்.

அவள் கத்தினாள். நாவல் மரம் இல்லை, வேறு மரம் என்றாள். வேறு எது என்று ஊர்க்கவுண்டர் கேட்டார். அவளால் சொல்ல முடியவில்லை. ஊற்று குப்புசாமியுடையது என்று எல்லாருக்கும் மனதுக்குள் தெரியும். ஆனால் மரத்தின் பெயர் தெரியாது. பெயர் இல்லாமல் ஊர் ஒன்றும் செய்யாது.

அடுத்த வாரமே மாணிக்கம் ஊற்றைச் சுற்றி மூங்கில் வேலி போட்டான். பாவாயி கீழே ஓடைக்குப் போய்த் தண்ணீர் எடுத்து, அந்தச் செங்குத்தில் ஏறி வந்தாள். ஏறும்போது ஊற்று கண்ணுக்குத் தெரியும். அவளுடைய ஒவ்வொரு குடமும் அந்த வேலியைத் தாண்டித்தான் வீடு வந்தது. பெரியண்ணசாமி கோயிலுக்கு ஏறிப் போய் சாமி முன்னால் நட்ட வேலில் உயிர்ச் சேவலைக் குத்தி, நியாயம் கேட்டு முறையிட்டாள். மாணிக்கத்தின் நாக்கு அழுக வேண்டும் என்று கேட்கவில்லை. அவன் குடும்பம் அழிய வேண்டும் என்றும் கேட்கவில்லை. அதே இடத்தில், அதே ஊருக்கு முன்னால், அவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லும் நாள் வேண்டும் என்று கேட்டாள். அந்த வார்த்தையையும் தயார் செய்து வைத்திருந்தாள். "நான் தூங்கறேன்னு சிரிச்சியே, இப்ப முழிச்சிருக்கறேன், பார்ரா." இதைக் களை எடுக்கும்போதும் கிழங்கு சுரண்டும்போதும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். சொல்லச் சொல்ல அது கூராகிக்கொண்டே போனது.

இப்படி மூன்று வருடங்கள் போயின. பிறகு ஒரு நாள் அவளையே பயமுறுத்திய ஒன்று நடந்தது.

மாணிக்கம் கன்றுக்குட்டியைத் தேடிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தான். பாவாயி வெளியே வந்தாள். வா மாணிக்கம் என்றாள். வெயிலாக இருக்கிறதே, காப்பி குடித்துவிட்டுப் போ என்றாள். அவன் தயங்கி நின்று குடித்தான். கன்றுக்குட்டி எங்கே போயிருக்கும் என்று இரண்டு பேரும் பேசினார்கள். அவன் ஏதோ சொன்னதற்கு அவள் சிரித்தாள். அவன் போன பிறகும் டம்ளரைக் கழுவிக்கொண்டு சிரித்த முகமாகவே இருந்தாள்.

கோகிலவாணி உள்ளே இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ராசி ஆயிட்டீங்களா?"

"யாருகூட?"

"சித்தப்பாகூட. ஊத்தைத் திருப்பிக் குடுக்கறேன்னுட்டாரா?"

பாவாயி டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் மறந்துவிட்டாள். மூன்று வருடமாகக் கூர் தீட்டி வைத்ததை ஒரு டம்ளர் காப்பி ஆறும் நேரத்துக்கு முழுவதுமாக மறந்திருந்தாள். உப்பை மறந்தபோதும், மகளின் பள்ளிக்கூடப் பணம் வைத்த இடத்தை மறந்தபோதும் அவள் இப்படி ஆடிப்போகவில்லை. அன்று சாயங்காலம் அவள் மகளிடம் சொன்னது எங்கள் ஊரில் பிறகு எல்லாருக்கும் தெரிந்த பேச்சாகிவிட்டது.

"செத்தாக்கூடப் பரவால்ல கண்ணு. அவன் பண்ணுனதை மறந்துட்டு உசுரோட இருக்கக் கூடாது. என்னை எங்கியாவது ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

அந்தப் பயணம் எளிதாக இல்லை. மலை ஆஸ்பத்திரியில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒரு பூசாரி அமுக்குவான் பேய் நெஞ்சில் உட்காருகிறது என்று கயிறு கட்டினார். நாமக்கல்லில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சேலத்தில் தூக்கத்துக்கென்றே பார்க்கும் ஒரு டாக்டர் இருக்கிறார் என்று அனுப்பினார்கள். தூக்கத்துக்கு ஒரு டாக்டரா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பாவாயி கேட்டுக்கொண்டே வந்தாளாம்.

அந்த டாக்டரின் பெயர் ஹேமலதா. அம்மா எப்படித் தூங்குவார் என்று கேட்டார். கோகிலவாணிக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் அங்கேயே நாற்காலியில் சாய்ந்து, அம்மா மாதிரியே குறட்டை விட்டுக் காட்டினாள். பெரிதாக ஏறும் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. பிறகு தண்ணீருக்குள் முங்கியவள் தலை தூக்குவது போல ஒரு பெரிய மூச்சு. வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"நடுவுல சத்தம் நிக்குது பாருங்க, அதுதாம்மா வியாதி."

"சத்தம் நின்னா நல்லதுதானுங்களே?" என்றாள் பாவாயி.

"சத்தம் நிக்கறப்ப மூச்சும் நிக்குதும்மா."

டாக்டர் விளக்கியதைக் கோகிலவாணி எங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். தூங்கும்போது சிலருக்குத் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கிறது. மூச்சு நிற்கிறது. உடம்பு பயந்துபோய் மூளையைத் தட்டி எழுப்புகிறது. முழுதாக விழிப்பதில்லை; மூச்சு விடும் அளவுக்கு மட்டும் விழிப்பு வருகிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. ராத்திரி முழுக்க இதுதான் நடக்கிறது. காலையில் அவளுக்கு எதுவும் நினைவிருக்காது. நன்றாகத் தூங்கியதாகவே நினைப்பாள். உண்மையில் அவள் வருடக்கணக்காகத் தூங்கவே இல்லை. அன்றாடம் நடப்பதை மூளை அடுக்கி வைப்பது ஆழ்ந்த தூக்கத்தில்தானாம். அது கிடைக்காவிட்டால் எதுவும் தங்காது. அன்று பலா வேரில் ஊரே பார்த்துச் சிரித்தது ஒரு சோம்பேறியின் தூக்கத்தை இல்லை. மூச்சுக்குத் திணறிய ஒருத்தியை.

ஒரு ராத்திரி அங்கேயே படுக்க வைத்து, உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி, இதை உறுதி செய்தார்கள். பிறகு பாவாயி தான் கேட்க வந்ததைக் கேட்டாள்.

"வயசான காலத்துல புத்தி கலங்கிப் போயி, பெத்த புள்ளையே யாருன்னு கேப்பாங்களே, அப்படி ஆயிருவனுங்களா?"

இப்போதிருக்கும் மறதி தூக்கம் இல்லாததால் வந்தது, தூக்கம் சரியானால் பெரும்பாலும் சரியாகும் என்றார் டாக்டர். ஆனால் இதைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு முதுமையில் அந்த மாதிரி நோய் வரும் வாய்ப்பு கூடலாம் என்று சில ஆராய்ச்சிகள் சொல்கின்றன. இன்னும் முழுசாக உறுதியாகவில்லை என்றார். வைத்தியம் செய்தால் வரவே வராது என்று சத்தியம் செய்ய முடியாது, ஆபத்து குறையும் என்று நம்பலாம் என்றும் சொன்னார்.

"ஒருத்தன் பண்ணுன துரோகம் மறக்காம இருக்குமுங்களா?"

 நல்லதும் இருக்கும், கெட்டதும் இருக்கும் என்றார் டாக்டர். எனக்குக் கெட்டது போதுமுங்க என்றாள் பாவாயி.

அந்த வருடத்து மிளகு முழுவதும் ஒரு சின்ன இயந்திரமாக மாறி மலையேறி வந்தது. மூக்கில் ஒரு மூடி, அதிலிருந்து ஒரு குழாய். ராத்திரி முழுக்கக் காற்றை மெல்ல அழுத்தி அனுப்பித் தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கும். கரண்ட் போகும் நாட்களுக்கு டாக்டர் வேறு வழி சொல்லியிருந்தார். மல்லாந்து படுத்தால்தான் அடைப்பு அதிகம். அதனால் சட்டை முதுகில் ஒரு பந்தைத் தைத்துக்கொள்ளுங்கள் என்றார். பாவாயி குப்புசாமியின் பழைய சட்டையில் பலாக்கொட்டைகளை முடிந்து தைத்துப் போட்டுக்கொண்டாள். புரண்டு மல்லாந்தால் கொட்டை முதுகில் குத்தும். உங்கப்பன் முழங்கையே திரும்பி வந்த மாதிரி இருக்குது என்று மகளிடம் சொன்னாள்.

முதலில் அவளுக்கு அந்த மூடி பிடிக்கவே இல்லை. மூச்சு முட்டுகிறது என்று பிடுங்கி எறிந்தாள். கன்னத்தில் தழும்பு விழுந்தது. விஷயம் டீக்கடைவரை போய்விட்டது. மாணிக்கத்துக்குப் பேச வாய் கிடைத்தது.

"எங்கண்ணி ஆனையாயிருச்சுங்க. தும்பிக்கை வெச்சுத்தான் தூங்குது. நெத்திப்பட்டம் கட்டிக் கோயிலுக்குக் குடுத்துரலாம்."

அன்று பாவாயி கடைக்கு வெளியேதான் நின்றிருந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஆனைகூடப் பகை வெச்சவன் தண்ணிக்குத் தனியாப் போவக் கூடாது கொழுந்தனாரே."

அன்றிலிருந்து ஒரு ராத்திரிகூட அவள் மூடியைக் கழற்றி எறியவில்லை. அவளுக்குப் பிடிவாதம் கொடுத்தது டாக்டர் இல்லை, மாணிக்கம்தான்.

சில வாரங்களில் தலைவலி நின்றது. பகலில் கண் சொருகுவது நின்றது. கன்னத்தில் நிறம் வந்தது. பிறகு ஒரு நாள் கிழங்கு சுரண்டிக்கொண்டிருந்தபோது, எதையும் தேடாமல் இருந்த நேரத்தில், அது தானாக வந்தது. கடுக்காய் மரம். ரெட்டைப் பலாவிலிருந்து நேரே கீழே கடுக்காய் மரம். குப்புசாமி அதன் பட்டையில் கை வைத்துச் சொன்ன குரல்கூடக் கேட்டது. பாவாயி கத்தியைக் கையில் பிடித்தபடியே ஊர்க்கவுண்டர் வீட்டுக்கு ஓடினாள். கத்தியைப் பார்த்து அவர் மனைவி கதவைச் சாத்தப் போனாளாம்.

அப்பாசாமி முழுவதையும் கேட்டார். நம்பவும் செய்தார். ஆனால் கோல் தட்டியாயிற்று. அடுத்த பாகம் பிரிக்கும் நாளில்தான் அந்த எல்லையை மறுபடி சொல்ல முடியும் என்றார். மாணிக்கத்தின் பையன்கள் வளர்ந்து பாகம் கேட்கும்போது மாணிக்கம் எல்லை சொல்வான். அப்போது பக்கத்து நிலத்துக்காரி மறுக்கலாம்.

"அதுவரைக்கும் மறக்காம வெச்சிருப்பியா, பாவாயி?"

"நீங்க கோலை மறக்காம கொண்டாங்க, போதும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அதன் பிறகு அவளுக்குத் தூக்கம் ஒரு வேலையாகிவிட்டது. படுக்கும் முன் தொட்டிப்பாறை தொடங்கி எல்லையை முழுவதும் ஒரு தடவை சொல்வாள். கடைசியில் மாணிக்கத்துக்கான வார்த்தையைச் சொல்வாள். பிறகு மூடியை மாட்டிக்கொள்வாள். வேறு பெண்கள் சாமி கும்பிட்டுப் படுப்பது போல.

நடுவில் ஒன்று நடந்தது. அதை மறைத்து எழுதினால் சரியாக இருக்காது. ஒரு நாள் நாமக்கல்லுக்குப் போகும் பஸ்ஸில் மாணிக்கம் முன் இருக்கையில் இருந்தான். அவள் பின்னால். செம்மேடு தாண்டி மலைப்பாதை வளைவுகளில் இறங்கத் தொடங்கியதுமே அவன் தலை சாய்ந்தது. அந்த வளைவுகளில் வாந்தி எடுப்பவர்கள் உண்டு; தூங்குகிறவர்கள் குறைவு. குறட்டை ஏறியது. நின்றது. பாவாயி தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அடுத்த வளைவு வந்தது. அதற்கும் அடுத்த வளைவு வந்தது. அதன் பிறகுதான் அவன் துள்ளி மூச்சு விட்டான். கோகிலவாணி குறட்டை விட்டுக் காட்டியது அப்படியே இதுதான்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள். கோகிலவாணி, சித்தப்பாவிடம் சொல்லிவிடலாம், அவர் குடிக்கவும் செய்கிறார், பிரஷரும் இருக்கிறது, இதுவும் சேர்ந்தால் கெடுதல் என்றாள்.

"சொல்ல மாட்டேன். தூக்கந்தான் சொத்துன்னு சொன்னவன் அவன். நல்லா அனுபவிக்கட்டும்."

அவள் சொல்லவில்லை. கோகிலவாணி தானே போய்ச் சொன்னாள். மாணிக்கம் சிரித்துவிட்டு, உங்கம்மா தும்பிக்கையை என் தலையிலயும் கட்டப் பார்க்கறியா என்று அனுப்பிவிட்டான்.

வருடங்கள் போயின. மாணிக்கம் கொஞ்சம் கொஞ்சமாக மாறினான். டீக்கடையில் குடித்த டீயை மறுபடி கேட்டான். சந்தைக்குப் போனவன் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் செம்மேட்டில் நின்றுகொண்டிருந்தான். வீட்டில் வயசு என்றார்கள். பாவாயியைவிட அவன் நாலைந்து வயது சின்னவன். இதெல்லாம் பாவாயி காதிலும் விழும். அன்று குழம்பு நன்றாக இருக்கும் என்று கோகிலவாணி சொல்வாள்.

இரண்டாயிரத்தெட்டு மாசியில் மாணிக்கத்தின் மூத்த மகன் ரமேஷ்குமார் பாகம் கேட்டான். ஊர் மறுபடி சரிவில் கூடியது. பாவாயி தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை கட்டி, எல்லாருக்கும் முன்னால் வந்து ரெட்டைப் பலாவின் வேரில் உட்கார்ந்திருந்தாள். அதே வேர். கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மாணிக்கத்தை மகன் கைபிடித்து அழைத்து வந்தான். ராத்திரி முழுவதும் நாவல் மரம், நாவல் மரம் என்று சொல்லிக் கொடுத்திருந்தான் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் தரையில் கால் பட்டதும் மாணிக்கத்தின் நடை மாறிவிட்டது. யார் கையும் தேவைப்படவில்லை. அப்பன் கூட்டிப்போன சின்னப் பையன் மாதிரி நடந்தான். தொட்டிப்பாறையைத் தொட்டான். புற்றைச் சொன்னான். ரெட்டைப் பலாவுக்கு வந்தான். பாவாயி எழுந்து நின்றாள். மறுக்க வாயைத் திறந்தாள்.

மாணிக்கம் திரும்பி நேரே கீழே நடந்து போய் ஒரு மரத்தில் கை வைத்தான்.

"இங்கிருந்து கடுக்கா மரமுங்க."

 ரமேஷ்குமார் பொறுக்க முடியாமல் கத்தினான்.

"அப்பா, நாவ மரம்னு சொல்லுங்க."

"நாவ மரம் எல்லையில எங்கடா இருக்குது? எங்கப்பன் எனக்குச் சொன்னது கடுக்கா மரம். ஊத்து அண்ணனுதுடா. அண்ணன் எங்க? அவன் வராம எப்படி எல்லை சொல்றது?"

தொண்ணூற்றெட்டில் செய்த திருட்டு அவன் தலையிலிருந்து போயிருந்தது. சின்ன வயதில் அப்பன் சொல்லிக் கொடுத்தது மட்டும் தங்கியிருந்தது. புதியது முதலில் அழியும், பழையது கடைசியில்தான் போகும் என்று டாக்டர் பிறகு சொன்னார். கூட்டத்தில் யாரோ, அண்ணிக்குக் குடுத்த கடுக்காயை அவனே வாங்கிக்கிட்டான் என்றார்கள். சிரிக்கத்தான் சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை. அப்பாசாமி கோலைத் தட்டினார். சொன்னது நின்றது. ஊற்று பாவாயியிடம் வந்துவிட்டது.

அவளுக்கு அது போதவில்லை. பத்து வருடம் சுமந்த வார்த்தை வாயில் இருந்தது. மாணிக்கத்தின் முன்னால் போய் நின்றாள்.

"நான் தூங்கறேன்னு சிரிச்சியே மாணிக்கம். இப்ப முழிச்சிருக்கறேன், பார்ரா."

அவன் அவள் முகத்தை அன்பாகப் பார்த்தான்.

"ஏனுங்கண்ணி, தூங்கறதுதானுங்களே? தூக்கம் நல்லதுங்க. அண்ணன் எங்கீங்க?"

"உங்கண்ணன் செத்துட்டாரு. அதுக்கப்புறம் நீ ஊத்தைத் திருடுனே."

"நானுங்களா?" என்றான். திருடியது அவனுக்கு ஏறவில்லை. அண்ணன் செத்ததுதான் ஏறியது. அப்போதுதான் செய்தி கேட்டவன் போல, கடுக்காய் மரத்தைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினான். ஊர் அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பாவாயியை யாரும் பார்க்கவில்லை.

அன்று மூங்கில் வேலியைப் பிடுங்கி எறிந்தபோது அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. தண்ணீரைத் தொடவும் இல்லை. மகள் கேட்டதற்கு, இது ஜெயிச்சதா, அவன் தப்பிச்சுட்டான் என்றாள். இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் ரமேஷ்குமாரின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"உங்கப்பனைச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போவோணும். கெளம்பு."

வயசானால் மறதி வரத்தான் செய்யும் பெரியம்மா, விடுங்க என்றான் அவன்.

"உட மாட்டேன். பண்ணுனதையெல்லாம் மறந்துட்டு நல்லவனாச் சாவலாம்னு பாக்கறான். அவனுக்கு நெனப்பு வரோணும். வந்ததுக்கப்புறம் நான் பேசிக்கறேன்."

போனார்கள். ஹேமலதா டாக்டருக்கு வயது கூடியிருந்தது. பாவாயியை அடையாளம் தெரிந்துகொண்டார். மாணிக்கத்துக்கு மூச்சடைப்பு இருந்தது; அவளுக்கு இருந்ததைவிட மோசமாக. ஆனால் இந்த மறதிக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது, பிரஷரும் குடியும் சேர்ந்திருக்கிறது என்றார். போனது திரும்புவது கடினம். தூக்கத்தைச் சரிசெய்தால், குடியை நிறுத்தினால், மிச்சம் இருப்பதை இன்னும் கொஞ்ச காலம் காப்பாற்றலாம். பகலில் கொஞ்சம் தெளிவாக இருக்கலாம். இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார். பாவாயி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் கேட்ட குறட்டையைப் பற்றி அவள் அங்கே ஒன்றும் சொல்லவில்லை என்று கோகிலவாணி சொன்னாள்.

இப்போது மாணிக்கத்திடமும் ஒரு தும்பிக்கை இருக்கிறது. அவனுக்கு அதை மாட்டத் தெரியாது. மாட்டினாலும் எதற்கு என்று மறந்து கழற்றிவிடுவான். அதனால் பொழுது சாய்ந்ததும் பாவாயி கீழே இறங்கிப் போகிறாள். மூடியை அவன் முகத்தில் வைத்து வாரை இழுத்துக் கட்டுகிறாள். வேண்டியதைவிடக் கொஞ்சம் இறுக்கமாகவே கட்டுகிறாள் என்று ரமேஷ்குமாரின் மனைவி சொல்கிறாள். அவன் குடிக்கப் போகாமல் பார்த்துக்கொள்ளும்படி டீக்கடைக்காரர் உட்பட எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். கரண்ட் இல்லாத நாட்களுக்கு அவன் சட்டையிலும் பலாக்கொட்டை தைத்திருக்கிறாள். பெரிய கொட்டையாகப் பார்த்துப் பொறுக்கியது.

அவன் முன்னைவிடத் தெளிவாகத்தான் இருக்கிறான். டீ குடித்ததை நினைவு வைத்துக்கொள்கிறான். பேரப்பிள்ளைகளின் பெயர் சொல்கிறான். அண்ணன் இறந்தது தெரிகிறது. ஊரில் சிலர் பாவாயியைப் பெரிய மனசுக்காரி என்கிறார்கள். அது அவள் காதில் விழுந்தால் சண்டைக்கு வந்துவிடுவாள்.

காலையில் அவள் ஊற்றுக்குப் போய்க் குடத்தை நிறைத்துக்கொண்டு முதலில் அவன் வீட்டுக்குத்தான் வருகிறாள். ஒரு சொம்பில் ஊற்றிக் கொடுக்கிறாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக் குடிக்கிறான். குடித்து முடிக்கும்வரை எதிரே நிற்கிறாள்.

"இது யாரு ஊத்துத் தண்ணி?"

"உங்க ஊத்துங்கண்ணி."

"நடுவுல அது யாருகிட்ட இருந்துச்சு?"

அவன் யோசிக்கிறான். சொம்பைப் பார்க்கிறான். அவள் முகத்தைப் பார்க்கிறான். சில நாட்களில் அவன் நெற்றி சுருங்கி, ஏதோ நாக்கு நுனிவரை வந்தது போல வாய் திறக்கும். அப்போது பாவாயி மூச்சு விடாமல் நிற்பாள். பிறகு அது போய்விடும்.

"தெரியலீங்கண்ணி."

அவள் சொம்பை வாங்கிக்கொள்கிறாள். குடத்தைத் தலையில் ஏற்றுகிறாள்.

"செரி. நாளைக்கு வாரேன்."